உள்ளங்கையில் ஏறிய சூடு

அபாரத் திறமையுள்ள பிள்ளைகளுக்கான அந்தப் பள்ளியில் செலின் பல வருடங்களாக வேதியியல் சொல்லிக்கொடுத்தாலும், எந்த ரசாயனத்தையும் அவர் கையால் தொட்டதில்லை. அவர் படித்த காலத்திலேயே சோதனைகள் எல்லாம் மூக்குக்கண்ணாடிக்குள் தெரியும் மாய ஆய்வகத்துக்குப் போய்விட்டன.

இந்த வருடம் மன்றாடி, ஒரே ஒரு நிஜ வகுப்புக்கு அனுமதி வாங்கியிருந்தார். வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த கரைசல் குடுவையில் தண்ணீர்போலத் தெளிந்திருந்தது. பக்கத்தில், அதே கரைசலிலிருந்து முன்பே பிரித்தெடுத்த உப்பின் படிகங்கள் கொஞ்சம் இருந்தன.

"பர்வீன், நீ வாம்மா. ஒரு படிகத்தை எடுத்து உள்ள போடு."

பர்வீன் கண்ணாடிக்குள் புதுப்புது மருந்துகளையே உருவாக்கியவள். இப்போது படிகத்தை எடுத்தவள், குடுவைக்கு மேலேயே கையை நிறுத்திக்கொண்டாள்.

"தப்பாயிட்டா அழிச்சுட்டு முதல்லேருந்து பண்ணலாமா டீச்சர்?"

"இதுல அழிக்க முடியாதும்மா."

அவள் குடுவையை இறுகப் பிடித்துக்கொண்டு படிகத்தைப் போட்டாள். விழுந்த இடத்திலிருந்து வெள்ளை ஊசிகள் கிளம்பி நாலாபக்கமும் ஓடின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடுவை முழுவதும் உறைந்து கெட்டியாகிவிட்டது.

"சுடுது டீச்சர்! நான் எந்தக் கட்டளையும் குடுக்கவேயில்ல, அதுவா பண்ணுது!"

உறையும்போது வெப்பம் வெளிவரும் என்று செலின் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறார். குடுவையை வாங்கியதும் அந்தச் சூடு உள்ளங்கையில் ஏறியது. அப்போதுதான் பிறந்த ஏதோ ஓர் உயிரை ஏந்தியதுபோல் அவர் அதை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"எனக்குக் குடுங்க டீச்சர்!" என்று பிள்ளைகள் கை நீட்டினார்கள்.

"கொஞ்சம் இருங்கப்பா," என்றார் செலின். "நான் இன்னும் கொஞ்ச நேரம் வெச்சுக்கிறேன்."