பத்திரகாளியின் இருமல்

“ஏட்டி, ஆஸ்பத்திரிச் சளிய வீட்டுக்குக் கொண்டாந்தவ நீதான்!”

“சடங்கு வீட்டுக்குப் போயி இருமிக்கிட்டு வந்தது நீங்கதான் அத்தே. ஒங்களாலதான் எனக்கும் வந்துட்டு!”

நர்ஸ் உமாதேவியும் மாமியார் பத்திரகாளியும் போட்ட சத்தத்தில், தெருவே தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டது. தீர்ப்பு வருவதற்குள் மாமியாருக்கு இருமல் பொங்கியது. இருமி ஓய்ந்ததும் கட்டை ஆண்குரலில், “ஏட்டி சொர்ணம், தண்ணி கொண்டா” என்றாள்.

உமாதேவிக்கு அந்தக் குரல் தெரியும். போன வாரம் அவள் வார்டில் மூச்சுத்திணறிச் செத்துப்போன கழுகுமலை சோலைமுத்து, இருமிவிட்டு இப்படித்தான் பெண்டாட்டியைக் கூப்பிடுவார். பத்திரகாளி அவரைப் பார்த்ததே இல்லை.

மருமகள் நீட்டிய தம்ளரை அவள் தட்டிவிட்டாள். மகன் கொடுத்தும் குடிக்காமல் சொர்ணத்தையே கேட்டாள். மறுநாள் நாக்கு வறண்டு கண் சொருகியது. தான் கொண்டுவந்த சளிதான் கொல்கிறதோ என்று பயந்து, உமாதேவி சோலைமுத்துவின் மனைவி சொர்ணத்தாய்க்குப் போன் போட்டாள். அவள் பஸ் பிடித்து வந்து தண்ணீர் கொடுத்தாள். “இம்புட்டு நேரமா?” என்று வைதுவிட்டுப் பத்திரகாளி மடக்கு மடக்கென்று குடித்தாள்.

அந்த மாதமே உமாதேவி புருஷனோடு புதியம்புத்தூருக்குக் குடிபோய்விட்டாள். சொர்ணத்தாய் ஊர் திரும்பவில்லை, பத்திரகாளியோடுதான் இருக்கிறாள். வெறும் நெற்றியோடு வந்தவள், இப்போது பொட்டு வைத்துக்கொண்டு, முழம் குறைகிறதென்று பூக்காரியோடு சண்டையும் போடுகிறாள்.