நல்ல நிலையில் உள்ளது

அணு உலையைக் குளிர்விக்கும் குழாயில் விரிசல் இருப்பதாக நான்காவது முறையாக எழுதிக்கொண்டு போனார் பொறியாளர் தணிகைவேலன். மேலாளர் அதைப் படிக்கவேயில்லை. “மாத்தணும்னா இருபது நாள் உலைய நிறுத்தணும். கம்பெனி தாங்குமா? நல்ல நிலையில இருக்குன்னு எழுதிக் குடுங்க.” வாதாடி வாதாடி அலுத்துப்போயிருந்தவர், அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் மனைவிக்குப் போன் செய்தார். “புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே ஒங்கம்மா வீட்டுக்குக் கெளம்பு.” “பரீட்சை நடக்குதேங்க!” “பரவால்ல, கெளம்பு.” போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மதிலை ஒட்டிய குப்பத்திலிருந்து கூட்டிப் பெருக்க வரும் அஞ்சலாட்சி நின்றுகொண்டிருந்தாள். “உள்ள ஏதாச்சும் கோளாறா சார்?” “ஒண்ணுமில்லம்மா” என்றார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தாள். “எனக்கும் ரெண்டு புள்ளைங்க சார்.”