ஒரு வகுப்பு முன்னால்

"எறங்குடா மாது! பையை எடுத்துக்கிட்டு மொதல்ல எறங்கு!"

பெங்களூர் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த மாது, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

படியேறி வந்த கோவிந்தனுக்கு மூச்சு இரைத்தது. காலேஜ் விடுதியிலிருந்து தருமபுரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடியே வந்திருந்தான். மணி ஒன்பதரை. பத்து மணிக்கு மாதுவுக்கு எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சை. பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருதான். இவனோ மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு ஊரை விட்டுப் போக உட்கார்ந்திருக்கிறான்.

"உன் வகுப்பு ராஜப்பன் வந்து சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. இன்னிக்கு எழுதலைன்னா ஒரு வருஷமே போச்சு, தெரியுமில்ல?"

"தெரியும். எனக்குக் கணக்கு வராது. பெங்களூர்ல கட்டட வேலை இருக்குன்னு மேஸ்திரி சொன்னாரு. போறேன். நீ காலேஜுக்குப் போ, நேரமாகுது."

கோவிந்தன் பி.யூ.சி. படிக்கிறான். மாதுவைவிட ஒரு வகுப்பு முன்னால். ஏரியூர்ப் பக்கத்தில் அவர்கள் குடும்பத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். அந்தப் பெருமை அவன் பேச்சில் எப்போதும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

"கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர்!" என்று கண்டக்டர் கீழே நின்று கூவிக்கொண்டிருந்தார். டிரைவர் டீக்கடையில் கடைசி வாய் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

கோவிந்தன் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தணித்தான்.

"இதோ பாரு. போன வருஷம் இதே கணக்குப் பரீட்சை அன்னிக்கு நான் வாந்தி எடுத்தேன். எங்கியாவது ஓடிப் போயிடலாமான்னுதான் எனக்கும் இருந்துச்சு. அப்ப எனக்குச் சொல்ல ஆளில்ல, உனக்கு நான் சொல்றேன். பேப்பரைக் கையில வாங்கினதும் தெரியாத கணக்கைப் பார்த்து முழிக்காதே. தெரிஞ்சதை மொதல்ல போடு. பக்கத்துல இருக்கறவன் அடிஷனல் பேப்பர் கேட்டா பதறாதே. அப்புறம் இங்கிலீஷை நெட்டுரு போடாதே. நான் போட்டேன், இன்னிக்குக் காலேஜ்ல கடைசி பெஞ்சில ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கேன். புரியலைன்னா கூச்சப்படாம எழுந்து கேளு."

"எல்லாத்தையும் போன வருஷத்துக் கோவிந்தனுக்குப் போய்ச் சொல்லு. எனக்கு எதுக்கு?"

"கொழுப்புடா உனக்கு! கணக்கு வராதாம்! மாதுதான் நூத்துக்கு நூறு வாங்குவான்னு உங்க ஹெட்மாஸ்டர் என்கிட்டயே சொன்னாரு."

மாது பையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். டிரைவர் வந்து சீட்டில் ஏறினார். எஞ்சின் உறுமியதும் கோவிந்தன் எழுந்தான். மாதுவின் கையைப் பிடித்து இழுத்தான். மாது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"டிக்கெட் இல்லாதவங்க எறங்குங்க!" என்றார் கண்டக்டர்.

கோவிந்தனுக்கு ஆத்திரத்தில் கண்ணீர் முட்டியது.

"உனக்குச் சின்னதிலிருந்தே இதே புத்திதான்டா! பள்ளிக்கூடத்துல சேர்க்க அப்பா நம்ம ரெண்டு பேரையும்தானே கூட்டிட்டுப் போனாரு? தலைக்கு மேல கையைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொன்னாரு வாத்தியாரு. நான் தொட்டேன். நீ பாதியிலேயே கையைக் கீழ விட்டுட்ட. 'இவனுக்கு எட்டல, அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க'ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அன்னிக்கும் பயம், இன்னிக்கும் பயம்!"

மாது முதன்முறையாக அவனை நேராகப் பார்த்தான்.

"பயமில்லடா. போன வாரம் ஹெட்மாஸ்டர் நம்ம வூட்டுக்கு வந்தாரு. மாதுவைக் கட்டாயம் காலேஜுக்கு அனுப்புங்கன்னாரு. அதுக்கு அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'ரெண்டு பேரைப் படிக்க வைக்க என்னால ஆகாதுங்க. மாது பாஸாகட்டும், கோவிந்தனை நிறுத்திக் காட்டு வேலைக்குக் கூப்பிட்டுக்கறேன்'னாரு."

மாதுவைப் பிடித்திருந்த கோவிந்தனின் கை தானாகத் தளர்ந்தது.

"நிறுத்தட்டுமே. நான் காட்டுக்குப் போறேன். நீ எறங்கு..."

கண்டக்டர் விசில் ஊதிவிட்டு, கோவிந்தனின் தோளைப் பிடித்து இறக்கிவிட்டார். பஸ் நகர்ந்தது. கோவிந்தன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடினான்.

"வேணாம்டா மாது! எறங்குடா!"

மாது அவன் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான்.

"காதைத் தொடச் சொன்ன அன்னிக்கும், ஆடு மேய்க்க ஒருத்தன் வேணும்னு அப்பா வழியெல்லாம் சொல்லிக்கிட்டுதான் வந்தாரு, நீ மறந்திருப்பே. அஞ்சு வயசுத் தம்பிக்கு எட்டின காது, ஆறு வயசு அண்ணனுக்கு எட்டாதாடா?"