அடியும் மீட்டரும்

"இந்த ஹாஸ்கெல் மொழியில புரோகிராம் எழுதத் தெரிஞ்சவங்க தருமபுரியில எத்தனை பேருங்க?" சசிகலா கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சு நான் ஒருத்தன்தாங்க," என்றான் மரிய ஆனந்த்.

"நாளைக்கே நீங்க பெங்களூருக்குப் போய்ட்டா?"



சசிகலாவின் கம்பெனியில் மொத்தமே நாலு பேர். ஒகேனக்கல்லுக்கு மேலே ஒரு பரிசல் துறைக்கு வெள்ள எச்சரிக்கை சைரன் செய்து தரும் வேலை கிடைத்திருந்தது. ஆற்றில் வைத்த கருவிகள் நீர்மட்டத்தை அனுப்பும். பன்னிரண்டு அடியைத் தாண்டினால் கரையில் சைரன் அலற வேண்டும். அவ்வளவுதான்.

அதற்குப் போய் மூன்று மாதமாக, ஆபீஸில் வேறு யாருக்கும் புரியாத ஒரு கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக்கொண்டிருந்தான் ஆனந்த்.

"கஷ்டமான மொழிதாங்க. ஆனா ஏனோதானோன்னு எழுதினா ஓடவே ஓடாது. தப்பை அங்கயே பிடிச்சு நிறுத்திடும்."

"முதல்ல எழுதி முடிங்க ஆனந்த். ஆடிப் பதினெட்டு வருது. பரிசல்காரங்க தினம் போன் பண்றாங்க."

"இன்னும் ரெண்டு மாசம் குடுங்க."

தன்னை விட்டால் ஆளில்லை என்று ஆக்கிக்கொள்ளத்தான் இந்த மொழியைப் பிடித்துத் தொங்குகிறான் என்று சசிகலாவுக்குத் தோன்றியது. மாதக் கடைசியில் அவனை அனுப்பிவிட்டாள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒரு எளிய மொழியில் தானே உட்கார்ந்து எழுதினாள். பதினெட்டே நாள். சைரன் கணீரென்று அலறியது. பரிசல்காரர்கள் அவளுக்கு மாலை போட்டார்கள்.

ஐப்பசியில் ஆற்றின் மேல்பக்கம் புதிதாக ஒரு கருவி வைத்தார்கள். பழைய கருவிகள் அடியில் கணக்குச் சொல்பவை. புதியது மீட்டரில் சொல்லும். சசிகலா அதைக் கவனிக்காமல் இணைத்துவிட்டாள்.

நாலரை மீட்டர், அதாவது பதினாலு அடிக்கும் மேல், தண்ணீர் வந்த அன்று புரோகிராம் அதை நாலரை அடி என்று எடுத்துக்கொண்டது. சைரன் வாய் திறக்கவில்லை. பழைய கருவிகள் இருந்த இடத்துக்கு வெள்ளம் வருவதற்குள் பரிசல் ஆற்றுக்குள் இறங்கிவிட்டது.

கவிழ்ந்த பரிசலில் இருந்த ஐந்து பேரையும் பாறையில் ஏற்றிவிட்டான் பரிசல் ஓட்டி மாதையன். அவன் மூன்றாம் நாள் கிடைத்தான்.

துக்கத்துக்குப் போன சசிகலாவிடம் அவன் மனைவி மாதம்மாள் ஒன்றுதான் சொன்னாள். "சைரன் ஊதலியேன்னுதாங்க அவரு உள்ள போனாரு."

விசாரணைக்கு மரிய ஆனந்தையும் கூப்பிட்டிருந்தார்கள். அதிகாரி ஒரு பெண்மணி. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"முதல்ல இதை எழுதினது நீங்க. உங்க புரோகிராம்ல இதே கருவியை மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்? யோசிச்சுச் சொல்லுங்க. தடுக்க வழி இருந்தும் தூக்கிப் போட்டிருந்தாங்கன்னா, இது வெறும் கவனக்குறைவு இல்லை. கேஸ் வேற மாதிரி போகும்."

சசிகலா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். ஒரே வார்த்தை போதும், அவள் உள்ளே போவதற்கு. வேலையை விட்டு அனுப்பியவளைக் காப்பாற்ற இவனுக்கு என்ன தலையெழுத்து?



"இதேதான் ஆயிருக்கும் மேடம்," என்றான் ஆனந்த். "நம்பர்னா எல்லா மொழிக்கும் நம்பர்தான். அடியா மீட்டரான்னு எந்த மொழிக்கும் தெரியாது."

அதிகாரி எழுதிக்கொண்டார்.

படியிறங்கும்போது சசிகலா அவன் பின்னாலேயே போனாள். "ஆனந்த், ஒரு டீ சாப்பிட்டுப் போலாங்க."

"வேணாங்க." அவன் நிற்கவில்லை. "மாதம்மாளுக்கு ரெண்டு பிள்ளைங்க. அவங்களைப் பாருங்க."

சாயங்காலம் ஆபீஸில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு மூச்சு சீரானது. கூடவே ஒரு இளக்காரமும் வந்தது. இதுதானா அந்த மொழியின் லட்சணம்? இதற்கா மூன்று மாதம்? இன்னும் ரெண்டு மாதம் வேறு கேட்டானே.

கம்பெனியின் புரோகிராம்கள், பழையதும் புதியதும், எல்லாம் இணையத்தில் ஓர் இடத்தில் இருந்தன. உள்ளே போகும் அனுமதிகளை அவள் ஒருநாளும் மாற்றியதில்லை. அவன் எழுதியதை அழித்துவிடலாம் என்று திறந்தாள்.

அதில் புதிதாகச் சில வரிகள் சேர்ந்திருந்தன. அவள் தன் புரோகிராமில் எப்படி இணைத்தாளோ, அப்படியே, அதே தப்போடு, இதிலும் அந்தப் புதிய கருவியை யாரோ இணைத்துப் பார்த்திருந்தார்கள்.

கீழே சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி நின்றது. அடி வர வேண்டிய இடத்தில் மீட்டர் வந்திருக்கிறது, ஓட்ட முடியாது என்று.

ஓட்டிப் பார்த்தவர் பெயரும் நேரமும் அதன் அடியில் இருந்தன.

மரிய ஆனந்த். இன்று காலை ஏழு நாற்பது, விசாரணைக்கு மூன்று மணி நேரம் முன்னால்.