பச்சை மணி ஜெபமாலை

“என்ன சார், இன்னைக்கும் தேள் தேடற டார்ச்சோட வந்துட்டீங்களா?”

வாழப்பாடிச் சந்தைக்குப் பக்கத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் அங்கமுத்து, செபஸ்தியானைக் கண்டாலே இப்படித்தான் கேலி செய்வார்.

செபஸ்தியான் சூரமங்கலத்துக்காரர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். யுரேனியம் கலந்து செய்த பழங்காலக் கண்ணாடி என்று ஒன்று உண்டு. தோட்டத்தில் தேள் தேட வைத்திருப்பார்களே, அந்த ஊதா டார்ச்சை அடித்தால் பச்சைப் பசேலென்று ஒளிரும். கிண்ணம், குடுவை, விளக்குக் கூடு என்று அவர் வீட்டு அலமாரி முழுக்க அதுதான்.

ஆனால் மூன்று வருடமாக அவர் கேட்பது ஒன்றே ஒன்று. பச்சைக் கண்ணாடி மணி கோத்த ஜெபமாலை.

“வந்திருக்கா அங்கமுத்து?”

“மொதல்ல உக்காருங்க, டீ சொல்றேன். ஏற்காட்டு பங்களா சாமான்ல ஒரு கிண்ணம் வந்துச்சுங்க. டார்ச் அடிச்சா தகதகன்னு…”

“கிண்ணம் வேண்டாம்.”

“முன்னெல்லாம் கிண்ணம்னா உசுர உடுவீங்க! ஊட்டுல அம்மா திட்டறாங்களா?”

“அவ ஒண்ணும் சொல்றதில்ல.”

“குடுத்து வெச்சவருங்க நீங்க. நான் ஒரு ஓட்டைச் சொம்பைக் கொண்டு போனாலே எங்க ஊட்டுக்காரி சாமி ஆடுவா.”

செபஸ்தியான் சிரிக்கவில்லை. அங்கமுத்து ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். இரண்டு ஜெபமாலைகள் விழுந்தன.

கடைக் கதவைச் சாத்தி இருட்டாக்கினார்கள். செபஸ்தியான் டார்ச்சை அழுத்தினார். முதல் மாலைமீது ஊதா வெளிச்சம் விழுந்தது. மணிகள் கறுப்பாகவே கிடந்தன.

செபஸ்தியான் நீளமாக மூச்சு விட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பாவம், ஏமாற்றத்தை இப்படி ஆற்றிக்கொள்கிறார் என்று அங்கமுத்து நினைத்தார்.

“மனச உடாதீங்க சார். இன்னொண்ணு இருக்குதில்ல?”

இரண்டாவது மாலை ஒளிர்ந்தது. ஒவ்வொரு மணியும், சிலுவைக்கு மேலே இருந்த சின்ன மணிவரைக்கும், பச்சையாக ஒளிர்ந்தது.

“அட்றா சக்கை! கெடைச்சிருச்சு சார்!” அங்கமுத்து தொடையில் தட்டினார்.

செபஸ்தியான் அதைத் தொடவில்லை. “இதை யார் குடுத்தா?”

“குழி வெட்டற மதியழகனுங்க, நேத்துத்தான் கொண்டாந்து குடுத்தான். ஆறு மாசத்துக்கு முந்தி பஸ் ஸ்டாண்டுல ஒரு அனாதைக் கெழவி செத்துக் கெடந்துச்சு. எங்காளுங்க பொணத்து மேல ஒண்ணும் வெச்சுப் பொதைக்க மாட்டோம், அதனால கழட்டிட்டான். உங்களுக்குக் கையிலயே சுத்தி வெச்சுத்தான் பொதைக்கணுமாமே, அவனுக்கு அது தெரியல. கூசாதீங்க, நல்லாக் கழுவிட்டேன். எடுத்துக்குங்க சார்!”

செபஸ்தியான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எரிந்துகொண்டிருந்த டார்ச் கையிலிருந்து உருண்டது.

“ஞானமேரிய எந்த எடத்துல பொதைச்சாருன்னு மதியழகனைக் கேட்டுச் சொல்லுங்க, அங்கமுத்து. மூணு வருஷத்துக்கு முந்தி நான் இங்க கிண்ணம் பாத்துக்கிட்டு நின்ன அன்னைக்குத்தான், ஞாபகம் தப்பிப் போயிருந்த என் பொண்டாட்டி இந்த மாலையோட ஊட்டை விட்டுப் போனா. இத்தனை நாளும் எந்த மாலையும் ஒளிரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் டார்ச் அடிச்சேன்.”