ரிப்பனைத் தேர்ந்தெடுத்த கீபோர்டு

பல பெட்டிகளை ஒயரால் கோத்துச் செய்த மாடுலர் சிந்தசைசர் ஒன்றுக்கு, வரும் கச்சேரியில் எப்படியாவது கமகம் பாடிவிட வேண்டும் என்று ஆசை. அதனிடம் இருந்த கீபோர்டுக்கோ கட்டைக்குக் கட்டை தாவத்தான் தெரியும், இழையத் தெரியாது. அதனால் விரலால் தேய்த்தால் சுரம் வழுக்கிக்கொண்டு போகும் ரிப்பன் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள முடிவானது. ஆள் எடுக்கும் பொறுப்பு, சீனியர் என்பதால், கீபோர்டிடமே போனது.

முதலில் வந்த நீள ரிப்பன் ‘ச’விலிருந்து ‘ப’ வரை நெய் உருகி ஓடுவதுபோல இழைந்தது. சிந்தசைசரின் விளக்குகளெல்லாம் சொக்கிப்போய் மின்னின.

“நடுவுல எங்கயாவது நின்னியாப்பா?” என்றது கீபோர்டு. “ஒரு கட்டுப்பாடே இல்ல. நீ கிளம்பு.”

வெளியே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த குட்டி ரிப்பன், உடம்பெல்லாம் டேப் ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டு உள்ளே வந்தது.

“கோட்டுக்குக் கோடுதான் ஐயா கால் வைப்பேன். நடுவுல படவே படாது.”

பாடிக் காட்டியது. டக், டக், டக்.

“அடடா, இதுதான்யா ரிப்பன்!” என்று பூரித்துப்போனது கீபோர்டு.

சிந்தசைசர் தயங்கியது. “ஐயா, கமகம் வரலையே. இது அப்படியே உங்கள மாதிரியில்ல பாடுது?”

“அதைத்தானே நானும் சொல்றேன்!”