முதல் பரிசுத் தலையணை

வெள்ளை விரிப்பு தலை முதல் கால் வரை மூடியிருந்தது. மெத்தைக்காரரின் மனைவி கட்டிலருகே வந்து நின்று, சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினாள். தலைக்கு மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி மெல்ல நின்றது.

"புழுங்குமே அக்கா?" என்றார் எதிர்க்கடைத் தையல்காரர்.

"இனிமே அவருக்கு எதுக்குக் காத்து?"

மகள் துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

காலையில் கடைக்கு வந்து முதலில் பார்த்தவள் மனைவிதான். காட்சிக்கு வைத்திருந்த இரட்டைக் கட்டிலில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது மெத்தைமேல், விரிப்பு போர்த்திய உருவம். அவள் கதறவில்லை. கிட்டே போய்க் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். வெளியே வந்து தையல்காரரிடம் நாலு வார்த்தை பேசினாள், அவ்வளவுதான். சற்று நேரத்தில் கடைத்தெருவே உள்ளே வந்து நின்றுவிட்டது.

"எடுக்கறதுக்கு முன்னாடி ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசிடுங்க. மனுஷன் எப்படி வாழ்ந்தார்னு எல்லாருக்கும் தெரியட்டும்," என்றாள்.

தையல்காரர் தொண்டையைச் செருமினார். "இந்தத் தெருவுல சிரிப்புச் சத்தம் கேட்டா, அங்க மெத்தைக்காரர் இருக்கார்னு அர்த்தம். வாங்க வர்றவங்க முன்னாடி இவரே மெத்தையில ஏறிக் குதிப்பார், இந்த வயசுல! ஒரு தடவை குதிச்ச வேகத்துல விட்டத்துல முட்டிக்கிட்டு, 'பாத்தீங்களா, ஸ்பிரிங் எவ்வளவு உசத்தி'ன்னார். வீங்கின மண்டையோடயே ரெண்டு மெத்தையை வித்துட்டார்."

"ஞாயித்துக்கிழமையானா டெலிவரி வண்டியில மெத்தையை விரிச்சு, மகளோட சேத்து தெருப் பிள்ளைங்க அத்தனை பேரையும் ஏத்திக்கிட்டு ஊரைச் சுத்துவார்," என்றார் பேக்கரிக்காரர். "தங்கமான மனுஷன்."

விரிப்புக்கு அடியில் பிளாஸ்டிக் உறை லேசாகச் சரசரத்தது. பேக்கரிக்காரர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"புது மெத்தை, அப்படித்தான் சத்தம் போடும்," என்றாள் மனைவி. "இப்ப நான் பேசணும்."

அவள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது.

"போன வருஷம் எனக்கு ஒரு போன் வந்துது. 'கடை பத்திக்கிச்சு, உங்க வீட்டுக்காரர் உள்ள மாட்டிக்கிட்டார்'னு. குரலை மாத்திப் பேசினது இவரேதான். ஒத்தைச் செருப்போட ஓடி வந்தேன். பேக்கரி வாசல்ல விழுந்து கை உடைஞ்சுது. எழுந்து பாத்தா கடை அப்படியே இருக்கு. இவர் உங்களையெல்லாம் கூட்டி வெச்சுக்கிட்டுக் கைதட்டறார். 'ஓட்டப் பந்தயத்துல முதல் பரிசு'ன்னு ஒரு தலையணையைக் கையில குடுத்தார். நீங்களும் சிரிச்சீங்க."

பேக்கரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று பற்றிய நெருப்பு அவள் வயிற்றில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கை சரியாகிறவரை அவர்தான் ஊட்டிவிட்டார். தலை வாரிவிட்டார், பின்னத் தெரியாமல் கயிறு மாதிரி முறுக்கி விட்டார். அதிலெல்லாம் குறை சொல்ல முடியாது. ஆனால் 'தப்பு' என்ற ஒரு சொல் மட்டும் அந்த வாயிலிருந்து வரவே இல்லை. 'தமாஷைத் தமாஷா எடுத்துக்கத் தெரியலையே உனக்கு' என்றார், உயிர் போய்த் திரும்பியவளிடம்!

இன்றைக்கும் ஈரத் துணியை அவளால் இறுக்கிப் பிழிய முடியாது. கொடியில் துணி சொட்டுகிறபோதெல்லாம் பல்லைக் கடிப்பாள். அந்த ஒரு சொல்லை வாங்காமல் விடுவதில்லை என்று இருந்தவள் அவள். இன்றைக்குப் பார்த்து மனிதர் வாயை மூடிக்கொண்டு கிடந்தார்.

"போதும்மா," என்றாள் மகள், முகத்தைத் திருப்பாமலே.

"போதாது. வண்டி வந்தாச்சா?"

"வாசல்ல நிக்குது அக்கா," என்றார் தையல்காரர்.

"மெத்தையோடவே தூக்குங்க. கயிறு போட்டு நல்லா இறுக்கிக் கட்டுங்க. நேரா கொண்டு போய்க் குழியில இறக்கி, மண்ணைத் தள்ளிட்டு வந்துடுங்க."

மேசைக்கு அடியிலிருந்து அந்தப் பழைய தலையணையை இழுத்து, விரிப்பின்மேல், மார்பு இருக்கும் இடமாகப் பார்த்து வைத்தாள். "இதையும் கூடவே போடுங்க. முதல் பரிசு!"

கயிறு இறுகியது. நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். மெத்தை கட்டிலை விட்டு எழும்பி, கடை வாசலைத் தாண்டி வெயிலுக்கு வந்தது. வண்டியின் பின்கதவு படாரென்று திறந்தது. மனைவி விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விரிப்புக்குள்ளிருந்து குரல் வந்தது: "தப்புதான் தாயே! இறக்கச் சொல்லு!"